நன்றாகப் பேசிய அணிக்கு நான்காம் இடம் எப்படி வருகிறது?

15 நிமிடம் முன்னால் தலைப்புக் கொடுக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை விவாதத்தில், மேடைப்பேச்சில் தேர்ந்தவர்கள்கூட ஏன் கடைசிக்குப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் நடந்த 2014 உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியும் இதே முறைதான். பட்டிமன்றப் பழக்கத்தோடு வருபவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள்.

ஒரு சுற்றில் நான்கு அணி, அணிக்கு இருவர். தலைப்பை ஆதரிக்கும் அரசுத் தரப்பில் இரண்டு அணி, எதிர்த்தரப்பில் இரண்டு. ஒரே தரப்பில் இருந்தாலும் அந்த இரண்டு அணிக்கும் இடையிலும் போட்டிதான். பக்கத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தயாரிக்கும்போது கூட்டாளியோடு மட்டுமே பேசலாம். இணையம், பயிற்சியாளர் உதவி கூடாது. ஒருவருக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணியினர் எழுந்து 15 விநாடிக்குள் குறுக்குக் கேள்வி போடலாம். விருப்பமிருந்தால் ஏற்கலாம், ஆனால் ஒன்றைக்கூட ஏற்காதவர் மதிப்பீட்டில் அடிவாங்குவார்.

சறுக்கல் பெரும்பாலும் தன் தரப்பில் பின்னால் பேசும் இரண்டாம் அணிக்குத்தான். ‘வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும்’ என்பது தலைப்பு என்று வையுங்கள். ‘வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை பின்தங்கும்’ என்று முதல் அரசு அணி நிறுவிவிட்டது. இரண்டாம் அணி அதையே கண்ணீர் வரப் பேசினாலும், அந்தச் சரக்கு முதல் அணியின் கணக்கில் ஏறியாயிற்று. ‘நோட்டில் இருப்பது பிள்ளையின் விடையா, அப்பாவின் விடையா என்று ஆசிரியருக்குத் தெரியாது, யாருக்கு எது புரியவில்லை என்பதே மறைந்துபோகிறது’ என்றால் அது புதுச் சரக்கு. அதற்காக, ‘எல்லா வகுப்புக்கும்’ என்று முதல் அணி சொன்னதை ‘ஐந்தாம் வகுப்பு வரை போதும்’ என்று மாற்றினால் சொந்தத் தரப்பின் முதுகில் குத்தியதாகும். விவாதக்காரர்களே இதைக் ‘கத்திக்குத்து’ என்றுதான் சொல்வார்கள். கடைசியாகப் பேசும் எதிர்த்தரப்புக் கொறடா (அத்தரப்பு இரண்டாம் அணியின் இரண்டாம் பேச்சாளர்) புது வாதம் எடுத்தால் நடுவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பதில் சொல்ல ஆள் மிச்சமில்லையே.

நடுவர்கள் கலந்துபேசி முதலில் வரிசையை முடிவு செய்வார்கள்: 3, 2, 1, 0 புள்ளி. பிறகுதான் தனிநபர் மதிப்பெண். 75 என்றால் சராசரிப் பேச்சு. இருவர் கூட்டுத்தொகை வரிசைக்கு முரணாக வரக் கூடாது. நடுவர் தனக்குத் தெரிந்ததை வைத்து உங்கள் வாதத்தின் ஓட்டையை அடைக்க மாட்டார். ‘அதனால் சமத்துவம் வரும்’ என்று ஒரே தாவாகத் தாவினால், எப்படி வரும் என்பதற்கான இடம் அவர் தாளில் காலியாகவே இருக்கும்.

முடிவு சொன்னபின், ‘எங்கள் பேச்சு எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘மூன்றாம் இடம் பெற்ற அணி எந்த வாதத்தில் எங்களை முந்தியது?’ என்று கேளுங்கள்.