எரிமீன் பொழிவும் ராகிக் காவலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்ற டிசம்பர் 13ஆம் தேதி இரவு மணிக்கு 120 எரிமீன்கள் விழும் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, நானும் என் தம்பியும் மொட்டை மாடியில் எட்டு மணி முதல் பதினொரு மணி வரை காத்திருந்தோம். பார்த்தவை நான்கே நான்கு. செய்தி பொய்யா, எங்கள் கண்ணில் கோளாறா?
– வாசகர் ஒருவர், தேன்கனிக்கோட்டை

பதில்: இரண்டும் இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து போனதுமே பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியவரைப் போல, ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே நீங்கள் இருவரும் படுக்கப் போய்விட்டீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சத்தை எட்டும் இப்பொழிவை வானியலார் ஜெமினிட் என்பார்கள். நாம் புனர்பூசம் என்று சொல்லும் இரட்டை நட்சத்திரங்களுக்கு அருகிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து எரிமீன்கள் நாலாபக்கமும் சிதறுவதுபோலத் தோன்றும். மழை இரவில் தொப்பூர்க் கணவாயில் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் துளிகள் யாவும் எதிரே ஒரே இடத்திலிருந்து கிளம்பி விரிவதாகத் தெரிந்தாலும், உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. அந்தப் புள்ளி நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அன்றிரவு ஏழே முக்கால் மணியளவில்தான் வடகிழக்கில் எழுகிறது. அது தாழ்வாக இருக்கும் வரை, விழுபவற்றில் பெரும்பகுதி நம் பார்வைக்கு எட்டாமல் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இரவு இரண்டேகால் மணியளவில் அது சுமார் 70 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஆகவே நள்ளிரவுக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரமே பார்ப்பதற்கு ஏற்றது.

அந்த 120 என்ற எண்ணையும் சற்று விளக்க வேண்டும். அப்புள்ளி நேர் உச்சியில் இருந்து, நிலவும் மேகமும் விளக்கொளியும் சிறிதும் இல்லாத வானத்தை ஒருவர் பார்த்தால் எத்தனை தெரியும் என்று கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. செய்தித்தாள்கள் இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தலைப்பில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தெருவிளக்கு கண்ணில் அடிக்கும் மாடியில் மங்கலானவை எல்லாம் மறைந்து, பளிச்சென்று விழும் சிலவே மிஞ்சும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பொழிவின்போது, அஞ்செட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ராகிக் காவலுக்குக் கட்டிய பரண் மீது ஓர் இரவைக் கழித்தேன். கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டுப் பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் நம் பக்கத்துக் காடுகளுக்கு இறங்கி வருவதும், ராகி முற்றி அறுவடைக்கு நிற்பதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் என்பதால், அங்குள்ள விவசாயிகளுக்குக் கார்த்திகையும் மார்கழியும் உறங்காத மாதங்கள். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே நான் 51 எரிமீன்களை எண்ணினேன். என்னுடன் இருந்த பெரியவரோ வயலின் ஓரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே ஏழு பார்த்ததாகச் சொன்னார். “எண்ணுறத அப்புறம் எண்ணிக்கலாம் சார், அந்தப் புதர்ல சத்தம் கேக்குதான்னு பாருங்க” என்று அவர் ஒருமுறை அதட்டியபோது, அந்தப் பரணில் நான் எதற்கும் உதவாத விருந்தாளி என்பது புரிந்தது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருட்டைத் தேடி நண்பர்களுடன் இருசக்கர வாகனத்தில் காட்டுச் சாலைகளுக்குப் போக எண்ணாதீர்கள். இரவில் அங்கே உங்களுக்கு முன்பே யானைகள் நிற்கக்கூடும்; அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றமும் ஆகும். விளக்கு நேரே கண்ணில் படாத ஒரு களமோ, உறவினர் வீட்டு மாடியோ போதும். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கைபேசியைத் தொடாமல் அரை மணி நேரம் இருந்தால்தான் கண் இருளுக்குப் பழகும். நடுவில் ஒரு முறை திரையைப் பார்த்தாலும் அந்த அரை மணி நேரம் வீண். புனர்பூசத்தையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, அதிலிருந்து சற்று விலகிய வானத்தில்தான் கோடுகள் நீளமாகத் தெரியும். புறப்படும் முன் நாட்காட்டியில் திதியையும் பார்த்துவிடுங்கள். வளர்பிறைச் சதுர்த்தி, பஞ்சமி என்றால் பத்து மணிக்குள் நிலவு மறைந்துவிடும். பௌர்ணமியை ஒட்டி வந்தால் அந்த ஆண்டு விழித்திருப்பது பெரும்பாலும் வீண்தான்.

கேள்வி: அரையாண்டுத் தேர்வு நேரத்தில் என் மகள் (ஒன்பதாம் வகுப்பு) இரவெல்லாம் விழித்து எரிமீன் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அனுமதிக்கலாமா?
– இல்லத்தரசி ஒருவர், பென்னாகரம்

பதில்: இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையே இல்லை, அம்மா. ஒன்பது மணிக்கு அவளைப் படுக்க வைத்து, ஒன்றரை மணிக்கு எழுப்பி, மூன்று மணி வரை பார்க்க விட்டு, மீண்டும் தூங்கச் சொல்லுங்கள். மறுநாள் தேர்வு இருந்தால் இதுவும் வேண்டாம். அடுத்த டிசம்பரிலும் அதே தேதியில் பொழிவு வரும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். விடுமுறை நாளாக இருந்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள். தலைக்கு மப்ளர் கட்டிவிடுங்கள், பனி இறங்கும். அவளோடு நீங்களும் மாடிக்குப் போவதுதான் என் விருப்பம்.

கேள்வி: நட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று என் பாட்டி சொல்வார். விழுவது உண்மையில் என்ன? அது நம் மேல் விழுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

பதில்: விழுவது நட்சத்திரம் அன்று, ஐயா. 1983இல் ஒரு செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் வழியே கண்டறியப்பட்ட பேத்தான் என்னும் சிறுகோள், சூரியனுக்குப் புதன் கோளை விடவும் நெருக்கமாகப் போய்த் திரும்பும் பாதையில் உதிர்த்துவிட்ட துகள்கள் அவை. மற்றப் பெரிய பொழிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வால்நட்சத்திரமே மூலமாக இருக்க, இதற்கோ கல் உருண்டை ஒன்று மூலமாக அமைந்தது ஆய்வாளர்களை இன்றும் யோசிக்க வைக்கிறது. பெரும்பாலும் மணல் பருமனே உள்ள இத்துகள்கள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் நுழைந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடுவதால் நம் தலைக்கு ஆபத்தில்லை. ஆகஸ்டு மாதப் பெர்சீட் பொழிவின் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால் கண்ணிமைக்கும் முன் மறைந்துவிடும். இவை சற்று நிதானமாக ஓடுவதால், பக்கத்தில் இருப்பவரிடம் கை நீட்டிக் காட்டும் அளவுக்குச் சில நேரம் அவகாசம் கிடைக்கும். பச்சை மரம் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அதற்குள் அடுத்தது விழுந்துவிடலாம்.

கேள்வி: ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பைனாகுலர் வாங்கினால் நன்றாகத் தெரியுமா? காவலூர் தொலைநோக்கியில் பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: வாங்க வேண்டாம். எரிமீன் வானத்தின் எந்த மூலையில் கோடு இழுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், அகன்ற பரப்பை ஒரே பார்வையில் அளக்கும் வெறுங்கண்ணே இதற்குச் சிறந்த கருவி. காவலூரில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தின் மிகச் சிறிய துண்டை மட்டுமே காண்பதால் அது இந்த வேலைக்கு ஆகாது. பெங்களூரின் வெளிச்சம் உங்களுக்கு வடமேற்கில் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் தலையை வைத்து, தென்கிழக்கு நோக்கிக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி சுமாருக்குப் புனர்பூசம் உச்சிக்குப் பக்கத்தில் வந்திருக்கும் என்பதால், குடியிருப்புச் செயலாளரிடம் சொல்லி மாடி விளக்கை ஒரு மணி நேரம் மட்டும் அணைக்க வைத்தீர்களானால், பிரகாசமானவை ஒரு பத்துப் பன்னிரண்டாவது தேறும்.