மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கனவு: போகலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. பள்ளி நாளிலிருந்தே கார் என்றால் உயிர். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி இல்லை. வாங்கி வைத்துப் பராமரிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒருமுறை இத்தாலிக்குப் போய் ஃபெராரி, லம்போர்கினி தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ரேஸ் டிராக்கில் அப்படியொரு காரை ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. திரும்பும்போது ஜெர்மனியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து நியூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கிலும் ஒரு சுற்று போட நினைக்கிறேன். விமான டிக்கெட், தங்குமிடம், டிராக் கட்டணம் எல்லாம் சேர்த்து என் மூன்று மாதச் சம்பளம் ஆகும். பாதி கையில் இருக்கிறது. மீதிக்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா, இல்லை ஓய்வுக்காலத்துக்குப் போட்டுவரும் மியூச்சுவல் ஃபண்டிலிருந்து எடுக்கலாமா? வீட்டுக் கடன் ஓடுகிறது. அவசரத் தேவைக்கு நான்கு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது. மனைவிக்குச் சம்மதம். அண்ணன்தான் 'ஒருநாள் கூத்துக்கு மீசையை எடுத்த கதை' என்கிறார்.

பதில்: போய் வாருங்கள். ஆனால் இந்த வருஷம் வேண்டாம், கடன் வாங்கியும் வேண்டாம். ஃபண்டிலும் கை வைக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் கணக்கு இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம். ஃபண்டிலிருந்து ஒன்றரை மாதச் சம்பளத்தை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால், உங்கள் 58வது வயதில் ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேலாக நின்றிருக்கும். பர்சனல் லோன் என்றால், 14 சதவீத வட்டியில் மூன்று வருஷத் தவணைக்கு 100 வாங்கினால் 123 கட்டுவீர்கள். பயணம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், தவணை 36 மாதம் ஓடும். வீட்டுக் கடன் தவணையும் கூடவே ஓடும்போது, நடுவில் வேலையில் ஒரு தடங்கல் வந்தால் இந்த லோன்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும்.

அதற்காக ஆசையையே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் சொந்தமாக வைத்துக்கொண்டால் தேய்மானம், இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று வருஷா வருஷம் பணம் போகும். அந்தக் கார் தரும் உச்சபட்ச அனுபவம் டிராக்கில்தான். அதை மட்டும் ஒரு நாளுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறீர்கள். இது யோசித்து எடுத்த முடிவுதான், பாராட்டுகிறேன். மனைவியைக் கேட்டு முடிவெடுத்ததும் நல்லது.

ஆனால் உங்கள் பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

டிராக்கில் கார் கொடுக்கும் நிறுவனங்கள், ஓட்டுவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும். காலையில் ஹெல்மெட் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தாள் கைக்கு வரும். யாரும் படிப்பதில்லை. அதில் 'வாடிக்கையாளரின் சேதப் பொறுப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். கார் தடுப்பில் உரசினாலோ சரளையில் இறங்கினாலோ, பழுதுச் செலவில் இவ்வளவு வரைக்கும் உங்கள் கையிலிருந்து தர வேண்டும் என்று அது சொல்லும். இன்ஷூரன்ஸ் மொழியில் எக்ஸஸ். ஓட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்காகவும் அது இருக்கலாம். சில இடங்களில் அந்தத் தொகையை முன்கூட்டியே உங்கள் கிரெடிட் கார்டில் பிளாக் செய்துவிடுவார்கள். கூடுதலாக ஒரு கட்டணம் கட்டினால் எக்ஸஸைக் குறைத்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. அப்படி ஒரு வசதி இருந்தால், வீடியோ, போட்டோ பேக்கேஜை விட்டுவிட்டு இதற்குப் பணம் கட்டுங்கள்.

அந்தப் பத்தியின் கீழே விதிவிலக்குகள் இருக்கும். பயிற்சியாளர் சொன்னதைக் கேட்காமல் ஓட்டியது, மஞ்சள் கொடியையோ சிவப்புக் கொடியையோ மதிக்காதது, மது அருந்தியிருந்தது, தப்பான கியருக்கு இறக்கி இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழலவிட்டது. இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் எக்ஸஸ் வரம்பே பொருந்தாமல் போய், முழுச் செலவும் உங்கள் தலையில் விழலாம். நீங்கள் மேனுவல் கியர் கார் கேட்டிருந்தால் கடைசியில் சொன்னதைக் கவனமாகப் படியுங்கள். வேகத்தில் நான்குக்குப் போட வேண்டிய கை இரண்டுக்குப் போய்விட்டால் இன்ஜின் நொடியில் சேதமாகும்; காரின் கம்ப்யூட்டரில் அது பதிவாகியும் இருக்கும். முதல் முறைக்கு ஸ்டியரிங் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில் உள்ள கார் போதும்.

'என்னிடம்தான் டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான டிராவல் பாலிசிகள் மோட்டார் பந்தயம், அதற்கான பயிற்சி, வேகப் போட்டி ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கும். அங்கே கை முறிந்தால் மருத்துவமனைச் செலவுகூடக் கிடைக்காமல் போகலாம். அதைச் சேர்த்துத் தரும் பாலிசி தனியாக வாங்க வேண்டியிருக்கும். வீட்டில் இருக்கும் டேர்ம் இன்ஷூரன்ஸ், தனிநபர் விபத்து பாலிசி இரண்டிலும் ஆபத்தான விளையாட்டுகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால் இந்த ஒரு மணி நேர வாசிப்பு கட்டாயம்.

ஆகவே நான் உங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எக்ஸஸ் தொகை முழுவதையும் அன்று மாலையே கட்ட வேண்டி வந்தால், அவசர நிதியைத் தொடாமல் கட்டிவிட்டு ஊர் திரும்ப முடியுமா? முடியும் என்றால் இந்தப் பயணம் உங்களுக்குக் கட்டுப்படியாகும். முடியாது என்றால், டிக்கெட்டுக்குப் பணம் இருந்தாலும் கட்டுப்படியாகாது.

இப்போது நியூர்பர்க்ரிங். இதற்கு என் பதில் தெளிவாக 'கூடாது'. அங்குள்ள நார்ட்ஷ்லைஃபே 1927ல் திறக்கப்பட்ட, 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதை மாதிரியான டிராக். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் அது சுங்கக் கட்டணச் சாலையாகத்தான் கணக்கு. ஜெர்மனியின் சாலை விதிகள் பொருந்தும், பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க மாட்டார். நுழைவுக் கட்டணம் குறைவாகத் தெரியும், ஆபத்து அங்கேதான். மோதினால் இரும்புத் தடுப்பைச் சரிசெய்யும் செலவு, காரை இழுத்துவரும் செலவு, டிராக்கை மூடி வைக்கும் நேரத்துக்கான கட்டணம் எல்லாம் ஓட்டியவர் பெயருக்கு வரும். விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் கார்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக அங்கே ஓட்டுவதைத் தடை செய்திருக்கும். தடையை மீறினால் அந்தக் காருக்கான இன்ஷூரன்ஸும் போனது. மனசு கேட்கவில்லை என்றால், அனுபவமுள்ள ஓட்டுநர் ஓட்ட நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் சவாரியை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கான செலவு முன்பே தெரிந்துவிடும், எக்ஸஸ் கவலை இல்லை.

அப்புறம், ஓட்டும் கட்டணத்தை நீங்கள் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுதவில்லை. 'மூன்று சுற்று, ஐந்து சுற்று' என்று விற்கும் பேக்கேஜாக இருந்தால் நிமிடக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு சுற்று இரண்டு நிமிடம் என்றால் மூன்று சுற்று ஆறு நிமிடம். எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று பிடிபடும்போது பயிற்சியாளர் உள்ளே திரும்பச் சொல்லிவிடுவார். அதே பணத்துக்குக் குதிரைத்திறன் குறைந்த ஒரு காரில், வகுப்பும் பயிற்சியும் சேர்ந்த அரை நாள் அல்லது முழு நாள் பாடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஈரத் தளத்தில் கார் வழுக்கும்போது எப்படிப் பிடிப்பது, பார்வையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அங்கேதான் கற்றுத்தருவார்கள். பெயர் பெரிய காரில் ஆறு நிமிடத்தைவிடச் சின்ன காரில் ஒன்றரை மணி நேரம் பல மடங்கு மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சாலைப் பயணத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல சேதி: மொத்தச் செலவில் அது சின்னப் பகுதி. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஃபெராரி தொழிற்சாலைக்குள் பொதுமக்கள் நடந்து போய்ப் பார்க்க முடியாது. ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பஸ்ஸில் தொழிற்சாலை வளாகத்தையும் 1972ல் அமைத்த ஃபியொரானோ டிராக்கையும் சுற்றிக் காட்டுவார்கள். இறங்க முடியாது, படம் எடுக்கவும் முடியாது. அருங்காட்சியகத்துக்கு வெளியே ஃபெராரியை வாடகைக்கு ஓட்டத் தரும் தனியார் கடைகள் உண்டு. அது பொதுச் சாலையில் ஓட்டுவது, டிராக் கிடையாது. லம்போர்கினி இருக்கும் சாந்தாகத்தா போலொன்யேஸேயில் அருங்காட்சியகத்தோடு உற்பத்தி வரிசையையும் பார்க்கும் டூர் உண்டு, தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். இருக்கைக்கான தோலை மேசையில் விரித்து, மாட்டின் பழைய தழும்புகளைத் தேடிக் குறித்து ஒதுக்கும் வேலையையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால், அந்தக் காருக்கு ஏன் அந்த விலை என்பது கொஞ்சம் புரியும். சான் செசாரியோவில் உள்ள பகானி ஸ்போர்ட்ஸ் கார் ஆலையும் அருகில்தான். மூன்றும் மொடெனா நகரைச் சுற்றியே இருப்பதால், ஒரே இடத்தில் தங்கி மூன்றையும் முடித்துவிடலாம்.

தொழிற்சாலையும் டிராக்கும் ஒரே மதிலுக்குள் வேண்டும் என்றால் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் உள்ள போர்ஷே ஆலையைப் பாருங்கள். உலகின் புகழ்பெற்ற டிராக்குகளின் வளைவுகளை மாதிரியாக வைத்து அமைத்த 3.7 கிலோமீட்டர் டிராக் ஆலையோடு ஒட்டியே இருக்கிறது. பயிற்சியாளரோடு ஓட்டலாம். ஒரு ஊர், ஒரு ஹோட்டல்; இத்தாலி, ஜெர்மனி என்று இரண்டு நாடு சுற்றும் செலவு மிச்சம். ஆனால் அங்கே உருவாவது மகான், பனமேரா மாடல்கள். போர்ஷேயின் 911 ஸ்போர்ட்ஸ் கார் உருவாவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனுக்குத்தான் போக வேண்டும். நானாக இருந்தால் லைப்ஸிக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கனவு உங்களுடையது. மரனெல்லோதான் மனதில் நிற்கிறது என்றால் அங்கேயே போங்கள், ஜெர்மனியை மட்டும் கழித்துவிடுங்கள்.

முன்பதிவில் வரிசை முக்கியம். பலர் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் விமான டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். இத்தாலியில் ஆகஸ்டில் தொழிற்சாலைகள் விடுமுறைக்கு மூடும், கிறிஸ்துமஸ் சமயத்திலும் மூடும். ஜெர்மனியிலும் கோடை விடுமுறை உண்டு. வார இறுதியில் உற்பத்தி வரிசை ஓடாது. எனவே தொழிற்சாலை டூருக்கான தேதி உறுதியாகட்டும், பிறகு டிராக் தேதி, கடைசியில் விமானம்.

சரி, பணத்தை எப்படிச் சேர்ப்பது? மீதி ஒன்றரை மாதச் சம்பளத்தை 18 மாதத்தில் சேர்க்க, மாதம் சம்பளத்தில் 12ல் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்துக்கொள்ளும் ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். ஒன்றரை வருஷத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். ஜெர்மனிப் பகுதியைக் கழித்ததில் மிச்சமாகும் தொகை, வருஷக் கடைசியில் வரும் போனஸ் இரண்டையும் எக்ஸஸுக்கென்று தனியாக வையுங்கள். கார் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினால் அந்தப் பணம் அப்படியே அவசர நிதியில் சேரட்டும். நான்கு மாதம் என்பது வீட்டுக் கடன் உள்ள குடும்பத்துக்குக் குறைவு, ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

செலவு யூரோவில், சம்பளம் வேறு பணத்தில் என்றால் பட்ஜெட்டில் 10 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா' என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவைத் தேர்ந்தெடுங்கள்; அவர்கள் போடும் மாற்று விகிதம் பொதுவாக மோசமாக இருக்கும். எக்ஸஸ் தொகையைப் பிளாக் செய்ய டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். பிளாக் ஆன தொகை விடுபடச் சில நாட்கள் ஆகலாம், அதுவரை உங்கள் சொந்தக் காசு முடங்கிக் கிடக்கும்.

டிராக் நிறுவனத்துக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எக்ஸஸ் எவ்வளவு, குறைக்க வழி உண்டா, எந்தெந்தச் சூழலில் முழுச் சேதமும் என்னுடையது, மழை பெய்தால் தேதி மாற்றித் தருவீர்களா, என் ஓட்டுநர் உரிமம் செல்லுமா, சர்வதேச அனுமதியும் வேண்டுமா, நான் உண்மையில் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் எத்தனை நிமிடம். இத்தனைக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள். அந்தப் பதிலை அண்ணனிடமும் காட்டுங்கள்.