நீராவி எஞ்சின் விழாவில் இரவு தங்க டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காமில் வசிக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில், ஒரு பழைய பிரபு குடும்பத்து எஸ்டேட்டில் நடக்கும் நீராவி எஞ்சின் விழாவுக்குப் பிள்ளைகளோடு போக ஆசை. பகல் டிக்கெட் மட்டும் போதுமா, இல்லை கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கவும் பணம் கட்டலாமா? எங்களுக்குக் கேம்பிங் பழக்கமே கிடையாது.

பதில்: தாராளமாகத் தங்குங்கள். ஆனால் மாலையில் என்ன நடக்கும் என்பதை நிகழ்ச்சி நிரலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரவுக் கட்டணத்துக்கு மதிப்பே அதில்தான் இருக்கிறது.

ஷோமேன் எஞ்சின் என்று ஒரு வகை உண்டு, தண்டவாளமில்லாமல் சாலையிலேயே ஓடும். ஊர் ஊராகப் போன கேளிக்கைச் சந்தைகளின் ராட்டினங்களை இழுத்துச் சென்றவை. சந்தை போட்ட இடத்தில் முன்புறம் உள்ள டைனமோவால் அந்த ராட்டினங்களுக்கு மின்சாரமும் கொடுத்தன. தெட்ஃபோர்டு நகரின் பர்ரெல் நிறுவனம் செய்தவை இவற்றில் பேர்போனவை. முறுக்கிய பித்தளைத் தூண்களும் கூரையைச் சுற்றி வரிசையாக பல்புகளும் இருக்கும். இருட்டிய பிறகு அந்த விளக்குகள் எரிய, பக்கத்தில் சந்தை ஆர்கன் (தானாக இசைக்கும் பெரிய இசைக்கருவி) பாட, பார்க்கவே அவ்வளவு அழகு! பகல் டிக்கெட்டில் வந்தவர்களில் பலர் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது காலை நேரம். குளிர்ந்து கிடக்கும் பாய்லரில் தீ மூட்டினால் ஓடுமளவுக்கு நீராவி சேர இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அதனால் எஞ்சின்காரர்கள் விடிந்ததுமே கரி அள்ளிப் போடத் தொடங்கிவிடுவார்கள். கூட்டம் வருவதற்கு முன், பித்தளையைத் துடைத்துக்கொண்டே, பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் சொந்தப் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் போட்டு இவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கும் மனிதர்கள் இவர்கள்.

சரி, அந்தக் கட்டணத்துக்கு என்ன தருவார்கள்? பெரும்பாலும் ஒரு புல்வெளியில் இடம், குடிதண்ணீர்க் குழாய், தற்காலிகக் கழிப்பறை, அவ்வளவுதான். ஆண்டு முழுக்க நடக்கும் கேம்பிங் தலத்தின் வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேம்பிங் டிக்கெட்டில் விழா நுழைவும் அடங்குமா, தனியா? கார் கூடாரத்தின் பக்கத்திலேயே நிற்கலாமா? இரவில் எஸ்டேட் கேட்டைப் பூட்டுவார்களா? எஞ்சின் கொண்டுவருகிறவர்களுக்கென்று தனிக் கேம்பிங் டிக்கெட் இருக்கலாம். அவசரத்தில் அதை வாங்கிவிடாதீர்கள்.

மின் இணைப்பு உண்டு என்றால் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 6 ஆம்பியர் என்றால் சுமார் 1,380 வாட்தான். சின்ன ரைஸ் குக்கர் ஓடும். வீட்டிலிருக்கும் 3,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் எஞ்சின் வரிசைக்குத் தென்மேற்கே போடுங்கள். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வீசும், எனவே கரிப்புகையும் பொறியும் உங்கள் பக்கம் வராது. நைலான் துணியில் ஒரு பொறி விழுந்தாலே ஓட்டைதான். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பார்பெக்யூ அடுப்பை, அணைந்ததுபோலத் தெரிந்தாலும், கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: மழையில் விழா ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்று போட்டிருக்கிறார்களே?

பதில்: அவர்களே ரத்து செய்தால் டிக்கெட் பணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி ஒரு வரியை எழுதிவைத்துவிட்டால் மட்டும் அது போய்விடாது. நியாயமற்ற நிபந்தனைகள் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தாது. விழா நடந்து, சேறு காரணமாகக் கேம்பிங் வயலை மட்டும் மூடினால் அந்தப் பகுதிக்கான பணத்தைக் கேளுங்கள். சொன்ன மின் இணைப்பு இல்லையென்றால் அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு, கட்டணக் குறைப்பு கேளுங்கள். ஆனால் மழையைப் பார்த்து நீங்களே போகாமல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமையும் குறிப்பிட்ட தேதிக்கான இத்தகைய டிக்கெட்டுகளுக்குக் கிடையாது.

கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது. 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள ஒரு பொருளுக்கு அல்லது சேவைக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. இங்கே ஒரு சிக்கல்: தலா 30 பவுண்டு வீதம் நான்கு தனி டிக்கெட் வாங்கினால் மொத்தம் 120 ஆனாலும் இந்தப் பாதுகாப்பு வராது, ஒவ்வொன்றின் விலையைத்தான் பார்ப்பார்கள். இடைத்தரகு நிறுவனம் வழியாக வாங்கினாலும் சிக்கல் வரலாம். அப்போது வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்கலாம். டெபிட் கார்டுக்கும் அது உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கூடாரத்தை இணையத்தில் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். வந்து சேர்ந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை இதற்கு உண்டு. பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். ஆகவே விழாவுக்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, வந்தவுடன் பிரித்து, தையலையும் ஜிப்பையும் பாருங்கள். சேறு படாமல் பாருங்கள், அழுக்காக்கிவிட்டால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். நீர்த்தாங்கு அளவு (துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம்) 3,000 மில்லிமீட்டர் என்று இருந்தால் ஆகஸ்ட் மழைக்குப் போதும். ஒரே ஓர் இரவுக்கு என்றால் முதலில் நண்பர்களிடம் இரவல் கேட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்குக் கீழே விரிக்க நல்ல தடித்த பாய் வாங்கலாம். அங்கே ஆகஸ்டிலும் இரவில் தரை ஜில்லென்று ஆகிவிடும்.