எல்லோரும் கள்ளர் என்றால்

அன்புள்ள அண்ணா,

2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலின் நினைவு நாளான ஏப்ரல் 21 வந்தால் எங்கள் வீட்டில் ரீவி போடுவதில்லை. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியவில் முதுகுப்பையோடு ஒருவன் கோயிலுக்குள் நடந்து போகிற அந்தக் காட்சியை எத்தனை தரம்தான் காட்டுவார்கள்? அடுத்து அரசியல்வாதிகள். அன்று ஆட்சியில் இருந்தவர் "எனக்குச் சொல்லவில்லை" என்பார். இல்லாதவர் "நான் வந்தால் சூத்திரதாரியைப் பிடிப்பேன்" என்பார். எல்லா அரசியல்வாதிகளும் கள்ளர், எல்லா ஊடகங்களும் பிணந்தின்னிகள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இனி வாக்குப் போடுவதாக இல்லை, பேப்பர் வாங்குவதாகவும் இல்லை. எங்கள் பங்கில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். அதற்காவது போகத்தான் வேண்டுமா?

அ., குருநகர்

அன்புள்ள தம்பி,

ரீவியை நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் "எல்லோரும் கள்ளர்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. எல்லோரும் கள்ளர் என்றால் இந்தக் கள்ளனை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்? உண்மையில் தவறு செய்தவனுக்கு இதைவிட வசதியான பேச்சு வேறில்லை.

இந்த விஷயத்தில் ஆட்களும் திகதிகளும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. 11 ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் எழுதிய கடிதத்தில், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமின் பெயரே இருந்தது. அது பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. குண்டு வெடித்த கொழும்பு கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களுக்குப் போகவில்லை. அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ பிறகு என்ன சொன்னார் தெரியுமா? தன் தகப்பனாருக்கு இப்படி ஒன்று நடக்கலாம் என்று காதில் விழுந்ததாம், பெரிய கோயில்களுக்குப் போகாதே என்று மகனிடம் சொன்னாராம். சீயோனில் செத்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களின் தகப்பன்மாருக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பாதுகாப்பு அமைச்சும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவிடம்தான் இருந்தது. அன்று அவர் சிங்கப்பூரில். சிறிசேன தன்னைப் பதவி நீக்கிய 2018 ஒக்டோபர் குழப்பத்துக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தன்னை அழைப்பதில்லை என்றார் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. இரண்டு பெரியவர்களின் கோபதாபத்துக்குள் ஒரு நாட்டின் உளவுத் தகவல் அகப்பட்டுக்கொண்டது.

சரி, கேட்டு என்ன கிடைத்தது என்பீர்கள். முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் பாதுகாப்புச் செயலாளரையும் 2022 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் விடுவித்தபோது எனக்கும் உங்களுக்கு வந்த அதே வெறுப்புத்தான் வந்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் சோர்ந்துவிடவில்லை. அவர்களும் சட்டத்தரணிகளும் மதகுருமாரும் போட்ட அடிப்படை உரிமை மனுக்களில் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும். பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று இந்த நாட்டில் வந்த தீர்ப்பு! போன உயிருக்கு அது ஈடாகாது, தெரியும். ஆனால் "எல்லோரும் கள்ளர்" என்று ஒரு மனுவை எழுதிக் கொண்டுபோயிருந்தால் பதிவாளரே திருப்பிக் கொடுத்திருப்பார்.

பொதுவான வெறுப்பை அறுவடை செய்யவும் ஆள் இருந்தது. தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப் போவதாகக் கோட்டாபய ராஜபக்ஷ சொல்லிவிட்டார். நவம்பரில் வென்றும் விட்டார். அரசியல்வாதிகள் மீது நம்பிக்கை போனதால்தான் "இவர் அரசியல்வாதி இல்லை" என்று தெற்கில் அவருக்கு வாக்கு விழுந்தது.

ஊடகத்துக்கு வருகிறேன். இங்கே என் கோபம் உங்களுடையதைவிடக் கூட. 2019 மே மாதம் ஒரு சிங்களப் பத்திரிகை, ஒரு மருத்துவர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று தலைப்புப் போட்டது. ஆதாரம் ஒன்றும் இல்லை. குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் கைதானார். கட்டாய விடுமுறையில் இருந்த காலத்துக்கான நிலுவைச் சம்பளம் 2022 இல் கிடைத்ததும் அதை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். அந்த மே மாதத்திலேயே குருநாகல், கம்பஹா பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் சுத்தமில்லை. பள்ளிவாசலில் கத்தி, வீட்டில் வாள் என்று நாள்தோறும் வந்தபோது நாங்கள் ஆர்வமாகத்தான் வாசித்தோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியே போகப் புலிகள் சொன்ன ஊர் இது. அந்தச் செய்திகளை நாங்கள் இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு வாசித்திருக்கலாம்.

அதே நேரம், முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது என்பதைத் தாக்குதல் நடந்த அன்றே வெளியில் கொண்டுவந்ததும் செய்தியாளர்கள்தான். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் 2023 தீர்ப்பு எங்கே? பேப்பரை நிறுத்துவதானால் எந்தப் பேப்பர், எந்தச் செய்திக்காக என்று ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

கூட்டத்துக்குப் போங்கள். பேச எம்.பி. யாராவது வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே 3 அன்று, இராணுவம் யாழ் பல்கலைக்கழகத்தைச் சோதனை போட்டது. பிரபாகரனின் படம் இருந்ததற்காக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பிடிபட்டார்கள். கொச்சிக்கடையில் வெடித்த குண்டுக்கும் அந்தப் படத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர் பாராளுமன்றத்தில் கேட்டாரா? நவாலி தேவாலயத்தில் 1995 ஜூலை 9 அன்று விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்ததற்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அதையும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், சொன்னவரின் பெயரோடு.

அன்புடன்,
அண்ணா