ரிவெட் துளையில் தொடங்கும் விரிசல்: கேளுங்கள், சொல்கிறேன்

விமானப் பராமரிப்பில் தகட்டோடும், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியான ரிவெட்டோடும் 20 வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன். உடைந்த விமானங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், பிரிட்டனின் பழைய ஜெட் பயணி விமானமான காமெட் சதுர ஜன்னலால்தான் உடைந்ததா?

பதில்: பாதி உண்மை. 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகே விழுந்ததைக் கடலிலிருந்து எடுத்துப் பார்த்தால், பிளவு தொடங்கியது கூரையில், ஆண்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஒவ்வொரு பறப்பிலும் கேபினில் நடப்பதுபோல அழுத்தத்தை ஏற்றி இறக்கியபோதுதான் ஜன்னல் மூலை கிழிந்தது, நிஜமாகப் பறந்த 1,221 தடவையையும் சேர்த்து 3,057-வது சுற்றில். விமானத்தைத் தயாரித்த கம்பெனி முன்பே சோதித்த உடல் துண்டு மட்டும் சுமார் 16,000 சுற்று தாங்கியிருந்தது. ஏன் தெரியுமா? அதற்கு முதலில் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், அதிலேயே மூலைகளில் உலோகம் இறுகி, சீக்கிரம் விரிசல் விடாமல் தாங்கியது. சோதனையே ஏமாற்றிவிட்டது!

கேள்வி: தண்ணீர் எதற்கு? காற்று போதாதா?

பதில்: காற்றடைத்த உடல் கிழிந்தால் குண்டு மாதிரி வெடிக்கும், எங்கே தொடங்கியது என்றே தெரியாது. தண்ணீரில் கிழிந்தவுடன் அழுத்தம் இறங்கிவிடும்.

கேள்வி: 1985-ல் விழுந்த ஜப்பான் போயிங் 747 விமானத்தின் ரிப்பேரில் அப்படி என்ன தப்பு அண்ணா?

பதில்: என்னைத் தூங்கவிடாத கேஸ் இது. 1978-ல் ஓசாகாவில் இறங்கும்போது வால் ஓடுதளத்தில் உரசியது. கேபின் காற்றைப் பின்னால் அடைத்து வைக்கும் குடை மாதிரியான சுவர், பல்க்ஹெட் என்போம், அதன் கீழ்ப்பாதியை மாற்றினார்கள். இணைப்பில் இடையே ஒரே முழுத் தகடு வந்திருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு வரிசை ரிவெட் பாரத்தைத் தாங்கும். வைத்ததோ இரண்டு துண்டாக. வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட் வரிசையெல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ஆனால் பாரம் முழுக்க ஒரே வரிசையின் தலையில். அப்படியே 12,000 தடவைக்கு மேல் பறந்தது! ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்து, பாய்ந்த காற்றில் வால் துடுப்பு பிய்ந்து, விமானத்தைத் திருப்ப உதவும் நான்கு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) குழாய்களும் போயின. இறந்தவர்கள் 520 பேர். புது விமானத்தைவிட ஒட்டுப் போட்ட விமானத்தைத்தான் நான் அதிக நேரம் உற்றுப் பார்ப்பேன்.

கேள்வி: பயணி விரிசலைப் பார்த்தால் சொல்லலாமா? சிரிக்க மாட்டார்களா?

பதில்: சொல்லுங்கள். 1988-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-ன் கூரை நடுவானில் பிய்ந்து ஒரு பணிப்பெண் இறந்தார். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பறப்பாக 89,680 தடவை பறந்த விமானம். எங்களுக்கு மணிக்கணக்கைவிட இந்தத் தடவைக் கணக்குதான் முக்கியம். தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ரிவெட் தலை பதிய அதைக் குடைந்ததில் துளை ஓரம் கத்தி முனை மாதிரி ஆகி, பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. ஏறும்போதே கதவருகே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் காட்டியவர்கள் பார்த்தது பாதி நேரம் பெயிண்ட் கீறல்தான், அதனால் என்ன, ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.