ஸ்டெப் பாஸானால் சீட் கிடைத்துவிடுமா?

அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் மேற்பட்டப் பயிற்சி) சேர்வது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நான் தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ். படித்தவள். இப்போது ஓஹாயோ மாநிலத்தில் ஒரு பயிற்சி மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் பார்க்கிறேன். ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கும் நேர்முகக் குழுவில் ஆண்டுதோறும் இருக்கிறேன். அங்கே உட்கார்ந்து கண்டதை வைத்துத்தான் இந்தப் பதில்கள். ஸ்டெப் என்பது யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஒவ்வொரு கட்டம், மொத்தம் மூன்று.

*கேள்வி: இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். நீட் பி.ஜி.க்கும் யு.எஸ்.எம்.எல்.இ.க்கும் சேர்த்தே படிக்கிறேன். ஸ்டெப் 1-க்கு இப்போது மார்க் இல்லை, பாஸானால் போதும் என்கிறார்கள். டூட்டியைக் குறைத்துக்கொண்டு படித்து முடித்துவிடலாமா?*
— ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி

தம்பி, முதலில் இரண்டில் ஒன்றை விடுங்கள். இரண்டும் மருத்துவத் தேர்வுதான் என்றாலும் கேள்வி கேட்கும் விதமே வேறு. இரண்டு பக்கமும் அரைகுறையாகத் தயாரானவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மார்க் கிடையாது, உண்மைதான். அதனால் பாரம் முழுவதும் ஸ்டெப் 2 சி.கே. (நோயறிதல், சிகிச்சை பற்றிய இரண்டாம் கட்டத் தேர்வு) மேல் ஏறிவிட்டது. விண்ணப்பங்களைச் சலிக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஸ்டெப் 1-இல் ஒருமுறை தோற்றால் அது மார்க்‌ஷீட்டில் கடைசி வரை நிற்கும். எந்த ஸ்டெப்பையும் மொத்தம் நான்கு முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டையும் இந்தியாவிலேயே எழுதலாம். 2020-இல் நிறுத்தப்பட்ட கிளினிக்கல் ஸ்கில்ஸ் தேர்வுக்குப் பதில் இப்போது பாத்வேஸ் என்ற நடைமுறையும், ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வும் உண்டு. இவற்றோடு உங்கள் பட்டத்தை, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி. நேரடியாகப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் சான்றிதழ் வரும். கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆக வேண்டிய வேலைகளைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள்.

'ரீகால்' என்று டெலிகிராமில் கேள்விகளை விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். கேள்விகள் முன்கூட்டியே கசிந்திருந்தன என்று சொல்லி, 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய பலரின் மதிப்பெண்களை ரத்து செய்தார்கள். பல ஆண்டு உழைப்பு ஒரே கடிதத்தில் போய்விட்டது.

டூட்டியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நேர்முகத்தில் நான் எல்லோரிடமும் கேட்பது, "நீங்களே பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்." பெரும்பாலானவர்கள் கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பார்கள். ஒரு பெண் அப்படிச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர். தரையில் படுத்துத் தூங்கியபோது கட்டுவிரியன் கடித்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். கடித்த இடத்தில் வீக்கமே இல்லை. வயிற்றுவலி என்று வந்தவர், பேசிக்கொண்டிருக்கும்போதே இமை இரண்டும் சரிந்துவிட்டன. "கண்ணைத் திறங்கண்ணே" என்றால் நெற்றியைத்தான் சுருக்க முடிந்ததாம். விஷமுறிவு மருந்து ஏற்றியும் மூச்சு தளர்ந்துகொண்டே போனது. இருந்த வெண்டிலேட்டர் இன்னொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. டியூப் போட்டு, இவரும் ஒரு நர்ஸ் அக்காவும் கூட வந்த மச்சானும் மாற்றி மாற்றி, கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தியிருக்கிறார்கள், இன்னொரு இயந்திரம் கிடைக்கும்வரை.

எங்கள் குழுவில் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர் உண்டு. கட்டுவிரியனைப் படத்தில்கூடப் பார்த்திராதவர். "விஷமுறிவு மருந்து கொடுத்தும் ஏன் மூச்சு திரும்பவில்லை?" என்று கேட்டார். "இந்த விஷம் நரம்பு முனையையே உள்ளிருந்து சிதைத்துவிடும் சார். ஏற்கெனவே சிதைந்ததை மருந்து சரிசெய்யாது. முனை மறுபடி வளரும்வரை நாம்தான் அவருக்காக மூச்சுவிட வேண்டும்" என்றார் அந்தப் பெண். ஸ்டெப் 1 பாடம் அது. ஆனால் படுக்கை ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டவர் வாயிலிருந்து வந்தது. எங்கள் பட்டியலில் அவர் பெயர் மேலே ஏறியதற்கு அந்த ஐந்து நிமிடமே காரணம்.

அந்த வார்டு இன்று உங்கள் கையில் இருக்கிறது. லீவு போட்டு வீட்டில் படித்தால் சில மார்க் கூடலாம். ஆனால் கேட்ட கேள்விக்குச் சொல்ல ஒரு நோயாளி இருக்கமாட்டார்.

*கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். பல லட்சம் கட்டினால் அமெரிக்க மருத்துவமனையில் 'ஹேண்ட்ஸ்-ஆன்' அனுபவம், சிபாரிசுக் கடிதம், ரெசிடென்சி சீட் எல்லாம் உறுதி என்கிறது ஒரு கன்சல்டன்சி. நிலத்தை விற்கலாமா?*
— ஒரு தந்தை, நாமக்கல்

ஐயா, தயவுசெய்து விற்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அமெரிக்காவில் ரெசிடென்சி சீட்டை உறுதி செய்ய யாராலும் முடியாது. மருத்துவமனையின் பட்டியலையும் மாணவரின் பட்டியலையும் கம்ப்யூட்டர்தான் பொருத்துகிறது. 'மேட்ச்' என்பது அதுதான்.

'ஹேண்ட்ஸ்-ஆன்' என்ற சொல்லையும் கவனியுங்கள். படிக்கும் காலத்தில் எலெக்டிவ் (மாணவர் விருப்பப் பயிற்சி) போனவர்கள்தான் மேற்பார்வையில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கலாம். பட்டம் வாங்கியவர்களுக்கு அநேகமாகக் கிடைப்பது அப்சர்வர்ஷிப், கூட நின்று பார்ப்பது மட்டும். அதுவும் பயனுள்ளதுதான். இங்கே மருத்துவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், குறிப்பு எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியும். ஒன்றிரண்டு மாதம் போதும். சிபாரிசுக் கடிதத்தை எழுதிய மருத்துவரே இணையத்தில் நேரடியாக ஏற்றுகிறார். காசு வாங்கிக்கொண்டு எழுதும் கடிதங்கள் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் இருக்கும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படிக்கும் எங்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

செலவு இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. ஒவ்வொரு ஸ்டெப்பும் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஈராஸ் என்ற இணைய விண்ணப்பத்துக்கு, 2025 பருவத்தில் முதல் 30 இடங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். நூறு இடத்துக்குப் போட்டால் 2,430 டாலர். நேர்முகங்கள் கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோவில் நடப்பதால் விமானச் செலவு மிச்சம். சீட் கிடைத்த பிறகு படிப்புக் கட்டணம் கிடையாது, சம்பளம் உண்டு. முதலாண்டில் ஏறத்தாழ 60,000 டாலரிலிருந்து 70,000 டாலர் வரை.

இவ்வளவும் செய்த பிறகும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அங்கேயே எம்.டி. படித்து முடிப்பவர்களில் 93 பேருக்குக் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்தை மகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள் ஐயா.

*கேள்வி: ராங்க் லிஸ்ட்டில் பெரிய மருத்துவமனையை முதலில் போட்டால், கிடைக்க வாய்ப்புள்ள சின்ன இடமும் கைநழுவிப் போகுமா?*
— ஒரு வாசகி, சென்னை

போகாது. மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். கேல், ஷேப்ளி என்ற இரு கணிதவியலாளர்கள் 1962-இல் காட்டிய வழியை ஒட்டியது இந்த முறை. ஆல்வின் ராத் 1990-களில் அதை விண்ணப்பதாரர் பக்கம் சாயும்படி திருத்தினார். ஷேப்ளிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பெரிய இடம் மறுத்தால் உங்கள் பெயர் அடுத்த இடத்துக்குப் போகும். முதலில் கேட்கவில்லையே என்று அங்கே யாரும் உங்களைப் பின்னுக்குத் தள்ள முடியாது.

*கேள்வி: ஜே-1 விசாவா, எச்-1பி-யா? கணவர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்.*
— மருத்துவர், மதுரை

ஜே-1 பயிற்சிக்கான விசா, எச்-1பி வேலை விசா. ஜே-1 என்றால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். டெல்லியிலுள்ள மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து 'ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்' (இந்தப் பயிற்சி நாட்டுக்குத் தேவை என்ற சான்று, நீட் தேர்வு இல்லை) கடிதமும் தேவை. மார்ச்சில் மேட்ச் ஆனால் ஜூலையில் வேலைக்குச் சேர வேண்டும், அதனால் அந்தக் கடிதத்துக்கு உடனே எழுதிப்போடுங்கள். உங்கள் கணவர், ஜே-1-காரர்களின் துணைக்கான ஜே-2 விசாவில் வந்தால் அனுமதி வாங்கி வேலை பார்க்கலாம். எச்-1பி-காரர்களின் துணைக்கான எச்-4-இல் ஆரம்பத்தில் அது முடியாது. உங்கள் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

எச்-1பி வேண்டுமானால் ஸ்டெப் 3-யும் முடித்திருக்க வேண்டும். அதை அமெரிக்காவில் மட்டுமே எழுத முடியும். அதோடு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு பயிற்சி மருத்துவமனைகள் தயங்குகின்றன. என்னைக் கேட்டால் ஜே-1.

விலக்கு என்றதும் பயப்படாதீர்கள். 1994-இல் செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த திட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்கு விலக்கு பரிந்துரைக்கலாம். பதிலுக்கு மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று ஆண்டு வேலை. நான் அப்படித்தான் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போனேன். ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வரும் சுரங்கத் தொழிலாளிகள், கரித்தூள் படிந்து கட்டிப்போன நுரையீரல்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸையும் காசத்தையும் பிரித்துப் பார்க்கத் தஞ்சாவூர் ஓ.பி.யில் பழகிய கண் அங்கே கைகொடுத்தது. என் வாழ்க்கையில் நான் மிக விரும்பிச் செய்த வேலை அது.

*கேள்வி: எம்.டி. பொது மருத்துவம் முடித்துப் பல ஆண்டு அனுபவம் உள்ளவன். மறுபடி முதலிலிருந்து ரெசிடென்சியா?*
— மருத்துவர், கோவை

பெரும்பாலும் ஆம். 2023-இல் டென்னசி ஒரு சட்டம் இயற்றியது. பின்னர் ஃப்ளோரிடா உட்பட வேறு மாநிலங்களும் அதே வழியில் வந்தன. வெளிநாட்டில் பயிற்சி முடித்தவர்கள் ஸ்டெப்கள் பாஸாகி, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மேற்பார்வையில் வேலை செய்து உரிமம் பெறலாம் என்பது இதன் சாரம். ஆனால் போர்டு சான்றிதழ் (துறை நிபுணர் என்ற சான்று) தனி விஷயம், அதற்குப் பொதுவாக இங்கே ரெசிடென்சி முடித்திருக்க வேண்டும். பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தச் சான்றிதழைக் கேட்கும். இந்தச் சட்டத்தை மட்டும் நம்பிக் கோவை கிளினிக்கை மூடிவிடாதீர்கள், சார்.

*கேள்வி: இந்த மார்ச்சில் எனக்கு மேட்ச் ஆகவில்லை. பட்டம் வாங்கி ஆறு வருடமாகிறது. வீட்டில் யாருடனும் பேசவே மனமில்லை.*
— மருத்துவர், யாழ்ப்பாணம்

தங்கச்சி, நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல், மேட்ச் முடிவு வரும் அந்தத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் இதே செய்தி வருகிறது. அவர்களில் நல்ல மருத்துவர்கள் நிறையப் பேர். அது உங்கள் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பு இல்லை. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்களே மருத்துவர் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பட்டம் வாங்கிய ஆண்டை விட, கடைசியாக எப்போது நோயாளி பார்த்தீர்கள் என்பதே எனக்கு முக்கியம். படிப்பதற்காக வேலையை விட்டிருந்தால் உடனே திரும்பிப் போய்ச் சேருங்கள். அதே விண்ணப்பத்தை அப்படியே மறுபடி அனுப்பாதீர்கள். இன்டர்னல் மெடிசினுக்கு மட்டும் போட்டிருந்தால், மனம் ஒப்பினால் குடும்ப மருத்துவத்துக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் போடுங்கள். 2024-இல் இவ்விரண்டிலும் நூற்றுக்கணக்கான இடங்கள் மேட்ச்சில் நிரம்பவில்லை. விண்ணப்பம் செப்டம்பரில் போகும். இப்போது உங்களோடு ரவுண்ட்ஸ் வரும் கன்சல்டன்டிடம், உங்கள் வேலை அவருக்குப் பசுமையாக நினைவிருக்கும்போதே, ஜூலைக்குள் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள்.