ஒப்பினெல் 8: உப்புக் காற்றுக்கு எது தாங்கும், யாரிடம் வாங்கக் கூடாது

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். லீவு நாட்களில் வாவியிலும் கடற்கரையிலும் தூண்டில் போடுவேன். கூட வரும் பெடியன்கள் எல்லாரும் ஒப்பினெல் 8ஆம் இலக்கப் பேனாக்கத்தியைப் பற்றியே கதைக்கிறார்கள். மரப்பிடி போட்ட ஒரு கத்திக்கு ஏன் இவ்வளவு மவுசு? கொழும்பில் ஒருவர் ‘ஒறிஜினல் காபன், சேர்த்து வைப்பவர்களுக்கான ரகம்’ என்று பெரிய விலை சொல்கிறார். பாரிஸில் இருக்கும் மச்சான் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருகிறார். யாரிடம் எடுப்பது?

பதில்: மச்சானிடம் சொல்லுங்கள். அலகில் ‘இனொக்ஸ்’ என்று பொறித்த 8ஆம் இலக்கம்தான் உங்களுக்குத் தேவை. இனொக்ஸ் என்றால் எளிதில் கறல் பிடிக்காத உருக்கு. கொழும்புக்காரரிடம் முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கத்தி பேரெடுத்ததே மலிவாலும் எளிமையாலும்தான். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் ஊர் விவசாயிகளுக்காகச் செய்யத் தொடங்கியது. 1897இல் 1 முதல் 12 வரை அளவுக்கு ஏற்ப இலக்கமிட்டார்கள். உறுப்புகள் ஐந்தே ஐந்து: அலகு, பீச் (beech) மரப்பிடி, ஆணி, அசையாத வளையம், அதன் மேல் சுழலும் பூட்டு வளையம். விரோப்லொக் எனப்படும் அந்தப் பூட்டு 1955இல் வந்தது. வளையத்தைத் திருப்பிவிட்டால் வெட்டும்போது அலகு விரலின் மேல் மடங்காது. பிந்திய கத்திகளில் மடித்த நிலையிலும் பூட்டலாம்.

8ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர், எடை ஏறக்குறைய 45 கிராம். சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. ஆர்வலர்கள் மயங்குவது அலகின் மெல்லிசில்தான். முதுகுப் பக்கமே 2 மில்லிமீற்றருக்குக் குறைவு. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் தடித்த ‘கொமாண்டோ’ கத்திகள் கரட்டை வெட்டாமல் பிளக்கும். இது சீவிக்கொண்டு போகும். மரப்பிடியைச் சீவி வடிவம் மாற்றலாம், சாயம் பூசலாம், சுட்டுக் கோலம் போடலாம், பழுதானால் இன்னொன்று வாங்கலாம். கைவேலையில் விருப்பம் உள்ளவனுக்கு வேறென்ன வேண்டும்?

இனி, காபனா இனொக்ஸா என்பது. காபன் அலகில் ஏறக்குறைய 0.9 சதவீதம் கரி இருக்கும், கறலைத் தடுக்கும் குரோமியம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீர் பட்டு ஒரு பின்னேரம் துடைக்காமல் கிடந்தால் செங்கறல் பிடித்துக் குழிவிழும். இனொக்ஸ் அலகில் குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். கறலே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். உப்பு தங்கினால் அதிலும் புள்ளி விழும், ஆனால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்வரை பொறுக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையே பிடித்துக்கொண்டு காபனை விற்பார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். கத்தி வீட்டுக்குள்ளேயே இருக்கும், மாங்காய் சீவுவதும் வெங்காயம் உரிப்பதும்தான் அதன் வேலை, வெட்டி முடிந்த கையோடு துடைத்து வைப்பீர்கள் என்றால் காபன் நல்லது. மாங்காய்ப் புளியும் தேசிக்காய்ப் புளியும் பட்டு அலகு நீலச் சாம்பல் நிறமாகும். அது கறல் அல்ல, ஓரளவுக்குக் கறலைத் தடுக்கும் படலம். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெளுக்க வைக்கக் கூடாது. தேய்த்தால் படலம் போய் அடுத்த ஈரத்திலேயே செங்கறல் வரும். ஆனால் ‘அந்தப் படலம் ஏறிவிட்டால் கடலுக்கும் கொண்டுபோகலாம்’ என்று அதே மூச்சில் சொல்வார்கள். அது பொய். உப்பு அந்தப் படலத்துக்குக் கீழே போய் அரிக்கும். கறுத்த அலகும் குழிவிழும், படலம் ஏறாத அலகும் குழிவிழும். படுவான்கரையில் வயல் பார்ப்பவர் காபன் வைத்திருக்கட்டும். கல்லடிக் கடற்கரைக்கு அது ஆகாது.

கொழும்புக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சில் சாதாரண 8ஆம் இலக்கம் பெரும்பாலும் 10 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும். அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, உங்களிடம் சொன்ன விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சேர்த்து வைப்பவர்களுக்கான ரகம்’ என்பது பீச் மரப்பிடி போட்ட சாதாரணக் கத்திக்கு ஒட்டிய பட்டம். ‘அரிய 11ஆம் இலக்கம், புதுசு’ என்று யாராவது சொன்னால் காசை வெளியே எடுக்கவே வேண்டாம். 1ஆம், 11ஆம் இலக்கங்கள் 1930களிலேயே நின்றுபோயின. படம் மட்டும் அனுப்புபவரிடம் அலகின் கிட்டப் படம் கேளுங்கள். கிரீடம் வைத்த கை முத்திரை சுத்தமாகப் பதிந்திருக்க வேண்டும். விரித்துப் பூட்டியபின் அலகு மேலும் கீழும் ஆடக் கூடாது, வளையம் தானாகச் சுழலக் கூடாது. போலியில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த வளையம்தான்.

பார்சலில் எடுப்பிக்கலாமே என்பார்கள். சுங்க வரி கத்தியின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. 12 யூரோ கத்திக்கு 25 யூரோ கூரியர் என்றால் 37 யூரோவுக்கு மேல்தான் கணக்குத் தொடங்கும். அதற்குப் பிறகு ‘கிளியர்’ பண்ணும் கட்டணம் என்று சுங்கத் தரகர் ஒரு துண்டு நீட்டுவார். அனுப்புபவர் கடதாசியில் வெறுமனே ‘கத்தி’ என்று எழுதிவிட்டால் இன்னும் கரைச்சல். மடக்குக் கத்தியின் சுங்கக் குறியீடு 8211.93. வாள், துப்பாக்கிமுனைக் கத்தி எல்லாம் 9307. பழம் வெட்டும் கத்தி வாளோடு சேர்ந்துவிட்டால், அது வாள் இல்லை என்று நிரூபிக்க நீங்கள் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏற வேண்டும். இரண்டு குறியீட்டையும் பிரித்து எழுதி வைத்தவர்களே அதை வாசிக்க மாட்டார்கள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே மச்சான் பற்றுச்சீட்டோடு பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரட்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். இங்கே வந்தபிறகும் அது தூண்டில் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் பஸ்ஸுக்கும் சட்டைப்பையில் கொண்டுபோகாதீர்கள்.

கைக்கு வந்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிடியின் வெளிப்பக்கம் வார்னிஷ் பூசியிருக்கும், ஆணியைச் சுற்றிய மரம்தான் தண்ணீர் குடிக்கும். மாரியில் அது ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும், கச்சான் காற்றில் சுருங்கி அலகு தளரும். ஒரு சிறு தகரப் பேணியில் வாஸ்லினைப் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். கத்தியைப் பாதி விரித்து, ஆணி இருக்கும் தலைப்பகுதி மட்டும் மூழ்க 15 நிமிடம் வையுங்கள். எடுத்துத் துடைத்து, இருபது தரம் விரித்து மடியுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், நாள்பட்டுக் கெட்டு மணக்கும். பூட்டு வளையத்தைக் குறட்டால் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஒருமுறை விரிந்த வளையம் பழைய இறுக்கத்துக்கு வராது.

அப்படியும் அலகு இறுகிவிட்டால் நகத்தால் இழுக்காதீர்கள், நகம்தான் போகும். பூட்டைத் திறந்து, பிடியின் வால்முனையை மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்காரர் செய்வதும் இதுதான். பிறகு நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும். காய்ந்தும் உரசினால், 150ஆம் இலக்க அரத்தாளை விசிட்டிங் கார்ட்டில் சுற்றிப் பிளவின் உட்பக்கத்தை மெல்லத் தேயுங்கள்.

கூர் தீட்ட 1000ஆம் இலக்கத் தண்ணீர்க்கல் போதும், பக்கத்துக்கு 20 பாகை சரிவு. மின்சாரச் சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டுபவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு நொடியில் சூடேறும். விளிம்பு நீலமானால் பதம் போய்விட்டது, அதன்பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தங்கூசி அறுக்கவும் இரை வெட்டவும் இந்தக் கத்தி தாராளம். கொடுவா கிழிக்க இதை எடுக்காதீர்கள். இரத்தமும் செதிலும் பிடியின் பிளவுக்குள் போனால், ஆணியைக் கழற்றாமல் முழுக்கக் கழுவ வழியில்லை. அதற்கு வீட்டில் இருக்கும் மடங்காத மீன் கத்தியைக் கொண்டுபோங்கள்.